வட்டி எங்கே போகிறது?

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். முதலில் பாறசாலை. அதற்கு அப்பால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இங்கே மாநில எல்லை விழுந்தது. நிலம் பிரிந்தது. சொந்தபந்தம் பிரியவில்லை.

இந்தப் பகுதியில் ஒரு பெண் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய உருளி வாங்க வேண்டும். காயும் எண்ணெயும் மொத்தமாக வாங்க வேண்டும். 10,000 ரூபாய் தேவை. அடகு வைக்க நகை இல்லை. எங்கே போவார்?

வட்டிக்காரரிடம் போகலாம். கேரளத்தில் இந்தக் கொள்ளை வட்டிக்கு 'பிளேடு' என்று பெயர். பொருத்தமான பெயர்தான். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்றால், மாத வட்டி 500 ரூபாய். பத்து மாதத்தில் 5,000 ரூபாய் போய்விடும். முதல் 10,000 அப்படியே நிற்கும்.

இன்னொரு வழி அயல்கூட்டம். கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டம் 1998-இல் மலப்புறத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழு போன்றதுதான் இது. பத்து முதல் இருபது பெண்கள் ஒரு கூட்டம். வீட்டுக்கு ஒருவர். வாரம்தோறும் கூடுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பார்கள். அந்தச் சேமிப்பிலிருந்தே கடன் கொடுப்பார்கள்.

இங்கே நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று கூட்டத்தில் முடிவு செய்தால் கணக்கு என்ன? முதல் மாதம் வட்டி 100 ரூபாய். முதலில் 1,000 ரூபாய் கட்டினால், அடுத்த மாதம் வட்டி 90 ரூபாய். பிறகு 80. பத்து மாதத்தில் கடன் தீரும். மொத்த வட்டி 550 ரூபாய். அந்த 550 ரூபாயும் கூட்டத்தின் பணத்தில் சேரும். அடுத்தவருக்குக் கடனாகப் போகும்.

சேமிப்பு போதாவிட்டால் வங்கி உண்டு. இப்படிப்பட்ட குழுக்களுக்கு வங்கிக் கடன் கொடுக்கும் முறையை நபார்டு வங்கி 1992-இல் 500 குழுக்களோடு தொடங்கியது. வங்கி நகை கேட்பதில்லை. கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா, வாங்கியவர்கள் திருப்பிக் கட்டினார்களா என்று பார்க்கும். ஆனால் வங்கிக்குக் கட்டும் வட்டி வங்கிக்குத்தான் போகும்.

தொழில் வளர்ந்தால் காய் உரிக்க ஒருவர், சீவ ஒருவர், பொட்டலம் கட்ட ஒருவர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு வேலை கிடைக்கும். ஆனால் கடன் பணம் சரக்கை விற்றுத் தராது. ஓணத்துக்கு உப்பேரி எவ்வளவு போட்டாலும் போகும். அதற்கு முந்தைய கர்க்கடக மழையில் யார் வாங்குவார்கள்? ஓண விற்பனையை நம்பித் தவணை பேசினால், மற்ற மாதங்களில் அதைக் கட்ட இன்னொரு கடன் வாங்க நேரிடும். மழைமாத விற்பனையைப் பார்த்தே தவணையைப் பேச வேண்டும்.

தனியார் நிதி நிறுவனங்களும் பெண்களைக் குழுவாக உட்கார வைத்து, நகை கேட்காமல் கடன் தருகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அது சட்டப்படியான தொழில்தான். ஆனால் அங்கே வட்டி நிறுவனத்துக்குப் போகிறது.

அயல்கூட்டத்தின் புத்தகம் மலையாளத்தில் இருக்கலாம். தமிழ் மட்டும் படித்தவர் என்ன செய்வது? எண்கள் இரண்டு மொழிக்கும் ஒன்றே. கட்டியது 1,000. மீதி 9,000. அடுத்த வட்டி 90. இந்த மூன்றையும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடலாம். மற்றதைக் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.