ஐபோனுக்கு 4 ஜி.பி., ஆண்ட்ராய்டுக்கு 8 ஜி.பி.: ஏன் இந்த வித்தியாசம்?

2021-ல் வந்த ஐபோன் 13-ல் ரேம் 4 ஜி.பி.தான். அதே ஆண்டு வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்21-ல் 8 ஜி.பி. ஐபோன் விலை ஒன்றும் குறைச்சல் இல்லை. பிறகு ஏன் ரேம் மட்டும் பாதி?

ஒரு முக்கியக் காரணம், குப்பை அள்ளும் விதம்!

ஆப்பைத் திறந்தால் ஒவ்வொரு படமும் எழுத்தும் ரேமில் இடம் பிடிக்கும். நீங்கள் தள்ளிவிட்டுப் போனதும் அதெல்லாம் குப்பை. அதை கம்ப்யூட்டரே தேடி அள்ளும் முறையை 1959-ல் லிஸ்ப் மொழிக்காக உருவாக்கியவர் ஜான் மெக்கார்த்தி. 'கார்பேஜ் கலெக்‌ஷன்' என்றே பெயர்.

ஆண்ட்ராய்டு இந்த வழிதான். கல்யாணப் பந்தியில் எல்லோரும் எழுந்தபிறகு மொத்தமாக இலை எடுப்பதுபோல. ஐபோனில், ஒருவர் எழுந்ததுமே அவர் இலை போய்விடும். ஒரு தகவலை எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யம் ஆனால் காலி. ஏ.ஆர்.சி. என்ற இந்த வசதி 2011-ல் வந்தது.

பந்தி முடியும்வரை காத்திருக்க இடம் வேண்டுமே? ஜாவா புரோகிராம்களை வைத்து அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஐந்து மடங்கு ரேம் கொடுத்தால் கார்பேஜ் கலெக்‌ஷனில் வேகம் குறையவில்லை என்றது. இரண்டு மடங்கு மட்டும் கொடுத்தபோது சராசரியாக 70 சதவிகிதம் மெதுவானது.

பழைய ஆண்ட்ராய்டு போன்கள் ஸ்க்ரோல் செய்யும்போது திக்கித் திக்கி நின்றது ஞாபகம் இருக்கிறதா? நொடிக்கு 60 முறை திரை மாற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 16 மில்லி விநாடிதான். குப்பை அள்ளுவதற்காக ஆப் அதைவிட அதிக நேரம் நின்றால், திரையும் நிற்கும். 2014-ல் ஆண்ட்ராய்டு 5, 2017-ல் ஆண்ட்ராய்டு 8 என்று இந்த நிறுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இன்று பெரும்பாலான வேலை பின்னணியிலேயே முடிந்துவிடுகிறது.

ஐபோன் வழியும் இலவசமில்லை. ஓயாமல் எண்ண வேண்டும். இரண்டு தகவல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கே வராது. புரோகிராமர்தான் கவனிக்க வேண்டும். இங்கே பிராசஸரும் முக்கியம். ஒருமுறை எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்க இன்டெல் சிப்பில் சுமார் 30 நானோ விநாடி, ஆப்பிளின் எம்1 சிப்பில் சுமார் 6.5 என்று 2020-ல் ஆப்பிள் பொறியாளர் ஒருவர் குறிப்பிட்டார். எண்ணுவதில் ஆப்பிளின் சிப் அவ்வளவு வேகம்.

ஆக, இரண்டு ஆண்ட்ராய்டு போன்களை ஒப்பிட ரேம் எண்ணைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டை ஐபோனோடு ஒப்பிட அது உதவாது. 'ரேம் கிளீனர்' ஆப்களும் வேண்டாம். அவை மூடும் ஆப்பை நீங்கள் மறுபடி திறக்கும்போது, முதலிலிருந்து ஏற்றுவதில் சார்ஜ்தான் வீணாகும்.