பின்னல் நூல்: பலம் எங்கே, பலவீனம் எங்கே?

காணியையும் வீட்டையும் நீருக்குக் கொடுத்த கதை மலையகத்தில் புதியதல்ல. 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை அணைகள் எழுந்தன. மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தின் கீழ் வயல்களும் கிராமங்களும் போயின. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையிலும் குடும்பங்கள் இடம்மாறின. மண்சரிவுக்கு அஞ்சி லயங்களை விட்டு வந்தோர் வேறு.

நிலத்தை இழந்த குடும்பத்துக்கு நீர் ஒரு கறியையாவது தருகிறது. திலாப்பியா, கெண்டை, விலாங்கு என்று கிடைப்பது வீட்டுச் சட்டிக்கும் ஆகும், சிறு வருமானத்துக்கும் ஆகும். ஆனால் மண்வெட்டியின் குணம் அறிந்த விவசாயிக்குத் தூண்டில் நூலின் குணம் தெரிய நாளாகும். கடையில் தங்கூசியைவிடப் பல மடங்கு விலைக்குப் பின்னல் நூல் விற்கிறார்கள். "அறவே அறாது" என்கிறார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா? கொடுத்தால் அது எத்தனை நாள் உழைக்கும்? இவற்றை நாம் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பின்னல் என்றால் என்ன?

தங்கூசி என்பது ஒரே இழை. நைலோனை உருக்கி இழுத்துச் செய்வது. பின்னல் நூலிலோ 4 அல்லது 8 புரிகள் இருக்கும். ஒவ்வொரு புரியிலும் தலைமயிரைவிட மெல்லிய பல இழைகள் உண்டு. நம் பெண்பிள்ளைகளின் சடையைப் போல, புரிகள் ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக மாறி மாறிச் செல்கின்றன. முறுக்கிய கயிறு பாரம் ஏறும்போது முறுக்கு அவிழப் பார்க்கும். பின்னலில் பாதிப் புரிகள் வலமாகவும் பாதிப் புரிகள் இடமாகவும் ஓடுவதால் அது அவிழ்வதில்லை; பாரத்தை எல்லாப் புரிகளும் பகிர்ந்து சுமக்கின்றன.

மூலப்பொருளும் வேறு. அது பொலித்தீன் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதன் மூலக்கூறுகள் மிக நீளமானவை. சாதாரண பொலித்தீன் பையில் அவை குப்பையாகச் சிக்கிக் கிடக்கின்றன. இந்த நூலில் விளக்குமாற்று ஈர்க்குகளைப் போல ஒரே திசையில் அடுக்கப்பட்டுள்ளன. 1979ஆம் ஆண்டளவில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் போல் ஸ்மித், பீட்டர் லெம்ஸ்ட்ரா என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். 1990களில் இது தூண்டில் நூலாகப் பரவியது.

இதன் நன்மைகள் உண்மையானவை. ஒரே தடிப்பில் தங்கூசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம் தாங்கும். நைலோன் நீரை உறிஞ்சிச் சற்றுப் பலம் குறையும். இது நீரை உறிஞ்சாது. நைலோன் நூறு முழத்துக்கு இருபது முழத்துக்கு மேலும் நீளக்கூடியது. இது மூன்று நான்கு முழத்துக்கு மேல் நீளாது. ஆகவே மீன் தொட்டவுடன் கைக்குத் தெரியும். வெயிலையும் நைலோனைவிட நன்றாகத் தாங்கும்.

பலவீனம் எங்கே?

முதலாவது, முடிச்சு. இந்த நூல் வழுக்கும் தன்மையுடையது. தங்கூசிக்குப் போடும் சாதாரண முடிச்சு இதில் நழுவிவிடும். நழுவாவிட்டாலும், முடிச்சு விழுந்த இடத்தில் நூலின் பலம் ஏறக்குறையப் பாதியாகலாம். ரீலின் மேல் 20 கிலோ என்று எழுதியிருந்தால், உங்கள் தூண்டிலில் அது 10 கிலோவாகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, உராய்வு. கொழுந்துக் கூடையின் கயிறு நடுவில் அறுவதில்லை. கூடை விளிம்பில் உரசும் இடத்திலேயே அறுகிறது. இந்த நூலும் அவ்வாறே. எறும்பூரக் கல்லும் தேயும். கல்லில் உரசினால் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறும். நம் நீர்த்தேக்கங்களின் அடியில் மரக்கட்டைகளும் பாறைகளும் உள்ளன. மவுசாக்கலையில் நீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயிலும் இடிந்த சுவர்களும் வெளியே தெரிவதை நாம் அறிவோம். அந்தச் சுவர்கள்தான் நீர் நிறைந்த காலத்தில் நூலை அறுக்கின்றன.

மூன்றாவது, சூடு. ஏறக்குறைய 145 பாகையில் இந்த நூல் உருகிவிடும். நைலோன் 200 பாகைக்கு மேலும் தாங்கும். அடுப்போரம் தொங்கவிட வேண்டாம். முடிச்சை உலர்ந்த நிலையில் இறுக்கினாலும் உராய்வுச் சூட்டில் இழைகள் கெடும்.

நாம் செய்யக்கூடியவை

1. முழு நீளத்துக்கும் பின்னல் நூல் வேண்டாம். அடியில் பழைய தங்கூசியைச் சுற்றி, மேலே தேவையான அளவு மட்டும் பின்னல் நூலைச் சுற்றுங்கள். ஒரு ரீலை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பகிரலாம்.

2. தூண்டிலுக்கு முன் இரண்டு முழத் தங்கூசி கட்டுங்கள். அது பின்னல் நூலைவிடப் பலம் குறைந்ததாக இருக்கட்டும். கட்டையில் சிக்கினால் அதுவே அறும்; விலை கூடிய நூல் தப்பும்.

3. தூண்டில் முடிச்சுக்கு நூலை இரட்டையாக மடித்துத் தூண்டிலின் கண்ணில் நுழையுங்கள். அந்த மடிப்பால் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் தூண்டிலை நுழைத்து எடுங்கள். நீரில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள்.

4. பலத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். நூலை முடிச்சோடு மரக்கிளையில் கட்டி, மறுமுனையில் பிளாஸ்டிக் கான் ஒன்றை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். போத்தல் போத்தலாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. எத்தனையாவது லீற்றரில் அறுகிறதோ அதுவே உங்கள் நூலின் உண்மையான பலம்.

5. மீன்பிடித்து வந்தபின் முன்பகுதியை விரல்களுக்கிடையில் இழுத்துப் பாருங்கள். பஞ்சுபோலச் சிலிர்த்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். தேய்ந்துவிட்டால் முழு நூலையும் தலைகீழாகச் சுற்றுங்கள். உள்ளே கிடந்த புதுப் பகுதி முன்னுக்கு வரும்.

6. நூலைக் கையில் சுற்றி இழுக்கவே வேண்டாம். அது சதையை அறுக்கும். சிக்கினால் ஒரு தடியில் சுற்றி, கரையில் நின்று இழுங்கள். தெப்பத்தில் நின்று இழுத்தால், நூல் திடீரென அறும்போது ஆள் நீரில் விழுவார்.

7. வெட்டிய துண்டுகளை நீரில் எறியாதீர்கள். அவை உக்குவதில்லை, நீர்க்காகத்தின் காலிலும் சிறுவரின் காலிலும் சிக்கும்.

மேலும் ஒன்று. இலங்கையில் தங்கூசி வலைக்குத் தடை உண்டு. இது தூண்டில் நூலைப் பற்றியதன்று, வலையைப் பற்றியது. விற்பனைக்காக மீன்பிடிக்க எண்ணுவோர், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நக்டா அதிகாரசபையின் அலுவலரிடம் அனுமதி பற்றியும், அணையருகே எங்கே மீன்பிடிக்கக்கூடாது என்பது பற்றியும் முதலில் கேட்டறிய வேண்டும்.

ஆகவே கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. பின்னல் நூல் பலமானதுதான். ஆனால் அதன் பலம் முடிச்சளவே, உராய்ந்த இடத்தளவே. கட்டையும் கல்லும் நிறைந்த இடத்தில் மீன்பிடிப்பவருக்குத் தடித்த தங்கூசியே போதும். திறந்த நீரில், நீண்ட தூரம் எறிந்து மீன்பிடிப்பவர் இதை வாங்கலாம். அப்படி வாங்கினால், மண்வெட்டியைக் கழுவி வைப்பதுபோல இதையும் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். பேணுகிற கைகளில் அது பல பருவங்கள் உழைக்கும்.