மூச்சுத்துளையைச் சுற்றி இரு விரல் அகலத் தோல்

புற்றுநோய் காரணமாகக் குரல்வளையை முழுமையாக அகற்றிய ஒருவர் வீடு திரும்பும்போது, குடும்பத்தார் முதலில் கவலைப்படுவது அவருடைய பேச்சைப் பற்றித்தான். அப்பா இனி எப்படிப் பேசுவார், பேரப்பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார் என்று மனம் அடித்துக்கொள்ளும். அது நியாயமான கவலைதான். ஆனால் நாள்தோறும் அவரை வாட்டக்கூடிய இன்னொரு தொல்லையும் உண்டு. கழுத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மூச்சுத்துளையைச் சுற்றிய தோல் சிவந்து, எரிந்து, புண்ணாவதுதான் அது.

புற்றுநோய்க்காக ஒரு மனிதரின் குரல்வளையை முதன்முதலில் முழுமையாக அகற்றியவர் வியன்னாவின் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத். நாள் 1873 டிசம்பர் 31. அதன் பிறகு சிகிச்சை எவ்வளவோ முன்னேறிவிட்டது. இன்று குரல்வளையை எடுத்தபின், மூச்சுக்குழாயின் முனையைக் கழுத்துத் தோலோடு இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். 'ஸ்டோமா' என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தத் துளை நிரந்தரமானது. மூக்குக்கும் நுரையீரலுக்கும் இனி தொடர்பில்லை. வாழ்நாள் முழுதும் அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு.

ஏன் புண்ணாகிறது?

நாம் இழுக்கும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டித்தான் உள்ளே அனுப்புகிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனதும் நுரையீரல் கூடுதலாகச் சளியைச் சுரக்கும். இருமும்போது வெளிவரும் சளி தோலில் படிந்து ஊறும். காய்ந்தால் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். ஊறிய தோலை அடிக்கடி துடைக்க, அது உரியத் தொடங்கும்.

இதைக் குறைக்கத்தான் எச்.எம்.இ. எனப்படும் சிறு வடிகட்டியைத் துளையின்மேல் பொருத்துகிறார்கள். மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் அது தக்கவைப்பதால் இருமலும் சளியும் குறையும். பெரும்பாலும் அது தோலில் ஒட்டிய ஒரு தட்டில்தான் உட்காரும். சிக்கல் இங்கேதான். தோல் புண்ணானால் தட்டு ஒட்டாது. தட்டு ஒட்டாவிட்டால் வடிகட்டி நிற்காது. வடிகட்டி இல்லாவிட்டால் சளி கூடும். சளி கூடினால் தோல் இன்னும் புண்ணாகும்.

இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர் மெல்ல ஒதுங்கத் தொடங்கலாம். கல்யாணம், தைப்பூசம், நண்பர் வீட்டு விருந்து எதற்குக் கூப்பிட்டாலும் 'நீங்கள் போய் வாருங்கள்' என்று கையசைத்துவிடுவார். எரிச்சல் கழுத்தில் மட்டும் இருப்பதில்லை.

ஜொகூர் வெயிலும் வியர்வையும்

ஜொகூரில் ஆண்டு முழுதும் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுகிறது. காற்றிலும் ஈரம் அதிகம். வியர்வையில் ஒட்டுத்தட்டு சீக்கிரம் இளகிவிடும். தட்டுக்கு அடியில் தேங்கும் ஈரம் பூஞ்சைத் தொற்றுக்கு நல்ல இடம். 2015, 2019 போன்ற புகைமூட்ட ஆண்டுகளில் வடிகட்டியில்லாத துளை நேரடியாகப் புகையை இழுக்கும். வீட்டில் ஏற்றும் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திப் புகையும் சளியைத் தூண்டும். அவர் இருக்கும் அறையில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

சிவப்பு சொல்லும் சேதி

தோலின் சிவப்பைக் கவனித்துப் பார்த்தால் காரணம் ஓரளவு தெரியும். தட்டின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் பெரும்பாலும் பசை ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது தட்டை வேகமாகப் பிய்த்திருக்கிறார்கள். துளைக்குக் கீழே மட்டும் சிவந்திருந்தால் சளி வழிந்து ஊறியிருக்கலாம். அரிப்போடு, ஓரத்தில் சிறுசிறு பருக்களும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தோல் வெயிலில் வெந்ததுபோல் கருத்தும் உரிந்தும் காணப்படும். எதுவானாலும் முடிவாகச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். கைப்பேசியில் அவ்வப்போது படம் எடுத்து வைத்தால் அவருக்கு உதவும்.

அன்றாடப் பராமரிப்பு

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டைப் பிய்க்காதீர்கள். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, ஒட்டு நீக்கும் திரவத்தால் ஓரத்திலிருந்து மெல்ல இளக்கி எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த, நூல் பிரியாத மென்துணியால் சுற்றிலும் துடையுங்கள். மென்மையான சோப்பைப் பயன்படுத்தினால் அதன் எச்சம் முழுதும் போக வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த தட்டு ஒட்டாது. நீரோ நுரையோ துளைக்குள் போய்விடக் கூடாது. பிறகு தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள்.

தோலைக் காக்கும் மெல்லிய பூச்சைத் தடவினால், அது நன்றாகக் காயும்வரை காத்திருங்கள். அமெரிக்க மருத்துவர் இட்சாக் புரூக் இதை வலியுறுத்துகிறார். தொற்றுநோய் நிபுணரான அவர் 2008இல் தம் குரல்வளையையே இழந்தவர். தம் அனுபவத்தை ஒரு கையேடாக எழுதியிருக்கிறார். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் சில நிமிடங்கள், தட்டை ஒட்டியபின் பேசத் தொடங்குமுன் இன்னும் சில நிமிடங்கள் எனப் பொறுமை காக்கச் சொல்கிறார். அவசரமாக ஒட்டும் தட்டு நிலைக்காது. அதை மீண்டும் மீண்டும் எடுத்து ஒட்ட, தோல்தான் கிழியும்.

தோல் ஏற்கெனவே புண்ணாக இருந்தால் ஒட்டுத்தட்டுக்குச் சில நாள் ஓய்வு கொடுக்கலாமா என்று கேளுங்கள். துளைக்குள் பொருத்தும் மென்மையான சிலிக்கான் குழாயில் வடிகட்டியை மாட்டும் வழியும் உண்டு. கதிர்வீச்சு நடக்கும் நாள்களில் எந்தக் களிம்பையும் தட்டையும் மருத்துவக் குழுவைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

அன்பினால் செய்யும் ஆபத்துகள்

புண் என்றதும் நம் வீடுகளில் கை தானாகப் பவுடர் டப்பாவுக்கோ மஞ்சளுக்கோ போகும். இங்கே அது கூடாது. துளைக்கு அருகில் தூவும் பவுடர், மஞ்சள் தூள், விபூதி எல்லாம் அடுத்த மூச்சிலேயே நுரையீரலுக்குள் போய்விடும். தேங்காய் எண்ணெய், வாசலின், தைலம் போன்றவையும் துளையோரம் வேண்டாம். உள்ளே இழுக்கப்பட்டால் நுரையீரலைப் பாதிக்கும், பசையும் ஒட்டாது. ஸ்பிரிட்டும் சவர லோஷனும் தோலை மேலும் எரிக்கும். பஞ்சும் டிஷ்யூ தாளும் இழை இழையாகப் பிரிந்து துளைக்குள் போகக்கூடியவை.

எப்போது மருத்துவரிடம் போவது?

சீழ், துர்நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு, துளை சுருங்குவதுபோல் தோன்றுவது ஆகியவற்றைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள். குடித்த தண்ணீரோ தேநீரோ துளை வழியாகவோ அருகிலிருந்தோ கசிந்தால் அன்றே போக வேண்டும். மூச்சுத் திணறலோ நிற்காத இரத்தக் கசிவோ இருந்தால் உடனே 999ஐ அழையுங்கள். இவருக்கு ஆக்ஸிஜனை மூக்கில் அல்ல, கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.

அறுவை நடந்த மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவையே முதலில் நாடுங்கள். ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனையில் அப்பிரிவு உண்டு. சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. தட்டும் வடிகட்டியும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால், வெட்கப்பட்டு ஒரே தட்டை நாள்கணக்கில் ஒட்டிவைக்காதீர்கள். அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவிடம் உதவி கேளுங்கள்.

நம்மில் பலர் விடியுமுன்பே கிளம்பி, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் நேரம் இருக்காது. இரவில் பத்து நிமிடம் போதும். நல்ல வெளிச்சத்தில் அந்த இரு விரல் அகலத் தோலைப் பாருங்கள். வலிக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். பதில் தாளில் எழுதி வந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.