சிங்கம் காவல் நிற்கும் நகைப்பெட்டி!
பணம் போன பிறகும் பவுசு குறையாத பழைய பேங்கு

பேங்கு என்றால் இரும்புக் கதவு, கம்பி ஜன்னல், வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரர். இதுதானே நமக்குத் தெரியும்? அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் பழைய பேங்கு வாசலில் இரண்டு சிங்கங்கள் காவல் நிற்கின்றன. சுடுமண்ணில் செய்து தங்கப்பூச்சு பூசியவை. இறக்கை வேறு முளைத்திருக்கிறது!

ஊர் பெயர் கிரின்னல். அயோவா மாநிலம். சுற்றிலும் சோளக் காடு. ஜனத்தொகை பத்தாயிரத்துக்குள். கடைத்தெரு முனையில் செங்கல்லால் கட்டிய பெட்டி மாதிரி ஒரு கட்டிடம். 1914-ல் ‘மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் பேங்கு’க்காகக் கட்டியது. வெறும் பெட்டிதான். ஆனால் வாசலுக்கு மேலே பார்த்தால் நடையை நிறுத்திவிட வேண்டியதுதான். வட்டம், சதுரம், வட்டம், சதுரம் என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னி, நடுவில் வண்ணக் கண்ணாடி ஜன்னல். மாக்கோலத்தைச் சுடுமண்ணில் வார்த்துச் சுவரில் பதித்த மாதிரி இருக்கும்.

இதைக் கட்டியவர் உள்ளூர் மேஸ்திரி அல்ல. லூயி சல்லிவன்!

உச்சியிலிருந்து சரிவு

சிகாகோவில் கொடிகட்டிப் பறந்தவர் சல்லிவன். வானளாவிய கட்டிடம் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிராங்க் லாய்ட் ரைட் இவரிடம் வேலை பழகியவர்தான்.

1895-ல் கூட்டாளி ஆட்லருடன் பிரிவு வந்தது. அத்தோடு பெரிய வேலைகளும் குறைந்தன. அந்தக் காலத்தில் கிரேக்க, ரோமாபுரித் தூண் வைத்த கட்டிடங்கள்தான் மோஸ்தர். சல்லிவனுக்கோ அது கட்டோடு பிடிக்காது. கோவில் மாதிரி பேங்கு கட்டினால் பேங்குக்காரரும் அங்கி போர்த்திக்கொண்டு லத்தீனில்தான் பேச வேண்டும் என்று கிண்டல் எழுதியவர். வாய் சும்மா இருந்ததா? பணக்கார வாடிக்கையாளர்கள் நழுவினார்கள். குடியும் சேர்ந்துகொண்டது. 1909-ல் வீட்டுச் சாமான்களையும் புத்தகங்களையும் ஏலம் போட்டார்.

அப்போது கைகொடுத்தவை பட்டிக்காட்டு பேங்குகள். விவசாயிகள் கையில் நாலு காசு புரண்ட காலம் அது. சேற்றுக் காலோடு வருகிற குடியானவர் கூசாமல் உள்ளே வர வேண்டும், அதே சமயம் நம் பணம் பத்திரம் என்ற நம்பிக்கையும் வர வேண்டும். அந்த மாதிரி கட்டிடம் கேட்டார்கள். 1908 முதல் 1919 வரை இப்படி எட்டுக் கட்டிடங்கள் கட்டினார். ‘நகைப்பெட்டிகள்’ என்று இவற்றுக்குப் பெயர்.

மருந்துக்கடைக் காகிதம்

1912 நவம்பரில் கிரின்னலுக்கு வந்தார். வரைகிற தாள் கையில் இல்லை. பக்கத்து மருந்துக்கடையில் மஞ்சள் காகிதம் வாங்கி, அங்கேயே இடத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து தள்ளினார். அந்த பென்சில் படங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு மாமேதையின் திட்டம் பொட்டலம் கட்டுகிற தாளில்!

கையில் காசில்லையே தவிர ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. ஒஹையோவில் சிட்னி என்ற ஊர் பேங்கு வேலை. ஒரு இயக்குநர் தூண் வைத்துக் கட்டினால் என்ன என்று இழுத்தாராம். சல்லிவன் படத்தைச் சுருட்டிவிட்டார். அந்த மாதிரி கட்ட ஆயிரம் பேர் கிடைப்பார்கள், இதைக் கட்ட ஒருத்தன்தான் என்று கிளம்பப் பார்த்தாராம். கடைசியில் அவர் படமே நின்றது.

1924 ஏப்ரல் 14. சிகாகோவில் ஒரு ஓட்டல் அறையில் ஏறக்குறைய அனாதையாகவே சல்லிவன் இறந்தார். வயது 67. கடைசி நாட்களில் பழைய சீடர் ரைட் உட்பட சிலர் கொடுத்த பணத்தில்தான் காலம் ஓடியது.

பட்டணம் இடித்தது

இதில்தான் வேடிக்கை. அவரைக் கொண்டாடிய சிகாகோவே அவர் கட்டிடங்களை ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளியது. 1961-ல் காரிக் தியேட்டர் போச்சு. 1972-ல் பங்குச் சந்தைக் கட்டிடம். அதன் சிற்ப வேலைகளை மீட்கப் பாடுபட்ட போட்டோகிராபர் ரிச்சர்ட் நிக்கல், இடிபாட்டுக்குள் போய் அங்கேயே உயிரை விட்டார். சில வாரம் கழித்துத்தான் சடலம் கிடைத்தது.

பட்டிக்காட்டு நகைப்பெட்டிகள் எட்டும் நிற்கின்றன! கஷ்டம் படாமல் இல்லை. ஓவட்டோனா பேங்கு 1926-ல் திவாலானது, கட்டிடம் தப்பியது. நியூவர்க் ஊரில் இருந்தது கறிக்கடை ஆனது, நகைக்கடை ஆனது, ஐஸ்கிரீம் கடையும் ஆனது. சீடர் ராப்பிட்ஸ் கட்டிடம் 2008 வெள்ளத்தில் மாட்டியது.

கிரின்னல் பேங்கும் கை மாறியது. 1976 ஜனவரியில் மத்திய அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பிறகு பேங்கு காலி செய்துகொண்டு போனது. லாபத்துக்கு இடித்து மாடிக்கட்டிடம் எழுப்பலாமே என்று கணக்குப் போட ஆள் எந்த ஊரில் இல்லை? கிரின்னலில் அது நடக்கவில்லை. உள்ளூர் வர்த்தக சபை அங்கே குடியேறியது. இப்போது ஊருக்கு வருகிறவர்கள் வழி கேட்பது அங்கேதான். பணம் போட வந்த இடத்தில் கூட்டம் படம் பிடிக்க வருகிறது. ஊரே தன்னைப் ‘புல்வெளியின் ஆபரணம்’ என்று சொல்லிக்கொள்கிறது.

இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் இந்த ஊரில் வளர்ந்தவர். பொடியனாக அந்தச் சிங்கங்களை எத்தனை தடவை கடந்து போயிருப்பாரோ!