கொலையாளி யார்? சொடுக்கினால் மட்டும் கிடைக்காத விடை: துப்பறியும் வீடியோ கேம்கள் செயல்படுவது எப்படி?

ஹைதராபாத்: கணினித் திரையில் ஒரு கொலைக் காட்சி. சடலத்தின் சட்டைப்பையைச் சொடுக்கினால் உள்ளிருக்கும் கடிதம் விரிகிறது. அலமாரியைச் சொடுக்கினால் ஒரு சாவி கிடைக்கிறது. ஓடவோ சுடவோ வேண்டியதில்லை. கையில் மவுஸும் கொஞ்சம் பொறுமையும் போதும். 'பாயிண்ட் அண்ட் கிளிக்' எனப்படும் இவ்வகைத் துப்பறியும் வீடியோ கேம்களுக்கு வயது நாற்பது. ஆனால், அவற்றில் உண்மையில் துப்பறிபவர் யார், விளையாடுபவரா அல்லது திரையில் உலவும் கதாபாத்திரமா என்ற கேள்விக்கு நிறைவான விடை கிடைத்தது அண்மைக் காலத்தில்தான்.

தட்டச்சில் தொடங்கிய விசாரணை:

1980-ல் அமெரிக்காவின் ராபர்ட்டா வில்லியம்ஸ், கென் வில்லியம்ஸ் தம்பதி ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய 'மிஸ்டரி ஹவுஸ்', படங்களுடன் வெளிவந்த முதல் சாகச கேமாகக் கருதப்படுகிறது. அகதா கிறிஸ்டியின் நாவல் ஒன்றின் தாக்கத்தில் பிறந்த இதில், ஒரு மாளிகையில் கூடியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுவர். படங்கள் வெறும் கோட்டோவியங்கள். கட்டளைகளை விசைப்பலகையில் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஜப்பானில் யூஜி ஹோரி 1983-ல் உருவாக்கிய 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு' கேமும் அப்படித்தான் தொடங்கியது. கொலையாளியைக் கண்டுபிடிப்பதைவிட, கணினிக்குப் புரியும் சொல் எது என்று கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. 1985-ல் ஃபேமிகாம் கருவிக்கு வந்த பதிப்பில், கட்டளைகள் பட்டியலாகத் திரையிலேயே தோன்றின. அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'டேஜா வூ', மேகிண்டாஷ் கணினியின் மவுஸைத் துப்பறிவாளரின் கையாக மாற்றியது. நினைவிழந்து கண்விழிக்கும் ஒரு தனியார் துப்பறிவாளர், தாம் யார் என்பதையே தேடிக் கண்டறிய வேண்டிய கதை அது.

பூனை முடியில் ஒட்டு மீசை:

மவுஸ் வந்ததும் சொல் தேடும் தொல்லை ஒழிந்தது. வேறொரு தொல்லை முளைத்தது. கையில் 10 பொருள்கள், கண்முன் 5 பூட்டிய இடங்கள் என்றால், மொத்தம் 50 முயற்சிகளில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பொருத்திப் பார்த்துவிடலாம். சிந்தனைக்கு அங்கே வேலை இல்லை. விளையாடுபவர் சொடுக்கிக்கொண்டே போக, கடைசிக் காட்சியில் கதாநாயகரே எல்லோரையும் கூட்டி வைத்துக் கொலையாளியின் பெயரைச் சொல்லிவிடுவார். பார்வையாளர் இருக்கையில் அமர்ந்தவருக்கு மவுஸ் பிடிக்கும் வேலை மட்டுமே மிச்சம்.

இதைத் தடுக்க நினைத்த தயாரிப்பாளர்கள் புதிர்களை மேலும் விநோதமாக்கினர். 1999-ல் வெளியான 'கேப்ரியல் நைட் 3' இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுக்க, கதாநாயகன் தன் நண்பரைப்போல் வேடமிட வேண்டும். அதற்காகப் பூனையின் முடியைப் பிடுங்கி ஒட்டு மீசை செய்ய வேண்டும். நண்பருக்கோ மீசையே கிடையாது! எனவே அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். பின்னாளில் 'போர்ட்டல்' கேமின் எழுத்தாளர்களுள் ஒருவரான எரிக் வோல்பா, இப்புதிரை 2000-ல் வரி வரியாகக் கிண்டல் செய்து, சாகச கேம்களின் வீழ்ச்சிக்கு அவற்றைப் படைத்தவர்களே பொறுப்பு என எழுதினார். கடுமையான தீர்ப்புதான், ஆனால், இப்புதிரைப் பொறுத்தவரை மறுக்க இயலாது.

விடையை வாக்கியமாக எழுத வேண்டும்:

இந்நிலையை மாற்றிய கேம்களுள் முதன்மையானது லூகாஸ் போப் 2018-ல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. இது முப்பரிமாணக் கப்பலில் நடந்து திரியும் கேம் என்பதால் பாயிண்ட் அண்ட் கிளிக் வகையில் அடங்காது. ஆயினும் வழிகாட்டி இதுவே. கிழக்கிந்திய கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர், ஆளின்றித் திரும்பிய கப்பலில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டறிய வேண்டும். ஒவ்வொருவரின் பெயரும் முடிவும் எழுதப்பட வேண்டும். மூன்று பேருக்கான விடை சரியாக அமைந்த பின்னரே 'சரி' என்ற அறிவிப்பு வரும்.

அந்த வழியைப் பாயிண்ட் அண்ட் கிளிக் வடிவத்துக்குக் கொண்டுவந்தது, லாட்வியாவின் கலர் கிரே கேம்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்'. 18-ஆம் நூற்றாண்டில், ஒரு தங்கச் சிலையைச் சுற்றி நிகழும் 12 மரணங்களே இதன் கதை. மரணம் நிகழும் தருணத்திலேயே காட்சி உறைந்து நிற்கிறது. பைகள், கடிதங்கள், சுவரொட்டிகள் என எதைச் சொடுக்கினாலும் அதிலுள்ள பெயர்களும் சொற்களும் திரையின் அடியில் சேருகின்றன. இதுவரை பழைய கேம்களைப் போன்றதே.

வேறுபாடு அதன் பிறகு தொடங்குகிறது. நடந்ததை விவரிக்கும் ஓர் அறிக்கை, கோடிட்ட இடங்களுடன் தரப்படும். சேர்த்த சொற்களைக் கொண்டு அவற்றை நிரப்ப வேண்டும். ஒரே ஒரு கோடிட்ட இடம் தவறு என்றாலும் வழக்கு முடியாது. எந்த இடம் தவறு என்றும் கேம் சொல்லாது. பிழைகள் இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் மட்டும் அதைத் தெரிவிக்கும். 20 சொற்களும் 6 கோடிட்ட இடங்களும் இருப்பதாகக் கொண்டால், 6 கோடியே 40 லட்சம் வாய்ப்புகள் உண்டு. குருட்டாம்போக்கில் சொடுக்குபவருக்கு இங்கே வழியில்லை.

சிந்திக்கும் முறை எத்தகையது? விருந்து மேசையில் நால்வர் இருப்பதாகவும், அவர்களின் பெயர்கள் தெரியாது என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவரின் பையில் மருந்துச் சீட்டு. அதில் 'இடக்கை வீக்கம்' என்ற குறிப்பு. மற்றொருவர் வலக்கையில் மட்டும் கையுறை அணிந்துள்ளார். சீட்டு கிடைத்த பை அவருடையதுதானா, திருடப்பட்டதா? எந்தச் சான்றும் நேரடியாக எதையும் சொல்வதில்லை. இரண்டு சான்றுகளை இணைக்கும் வேலை விளையாடுபவரின் மூளையில் நடக்கிறது, திரையில் அல்ல.

தமிழில் வந்தால்?

இவ்வகைக் கேம்கள் முற்றிலும் வாசிப்பை நம்பியவை. எனவே ஆங்கிலத்தில் சரளம் இல்லாதவர்களுக்குச் சான்றே புதிராகிவிடும். அப்படியே மொழிபெயர்த்துவிடவும் முடியாது. தடையாக நிற்பது இலக்கணம். ஆங்கில வாக்கியத்தில் 'கயிறு' என்ற சொல் எங்கே வைத்தாலும் உருமாறாது. தமிழில் 'கயிற்றால்' என்று எழுதினால் அதுவே கொலைக் கருவி என்பது உடனே வெளிப்பட்டுவிடும். 'கயிறு' என்று விட்டால் வாக்கியம் ஒட்டாது. வினைமுற்றோ இன்னும் ஆபத்தானது. 'கொன்றான்' என்றாலும் 'கொன்றாள்' என்றாலும் சந்தேக நபர்களில் பாதிப் பேர் விடுதலையாகிவிடுவர். இங்கு 'கொன்றார்' என்ற மரியாதை விகுதிதான் கொலையாளிக்குப் பாதுகாப்பு. வாக்கியத்துக்குப் பதிலாக 'கொலையாளி', 'கருவி', 'காரணம்' எனத் தனித்தனிக் கட்டங்கள் அமைப்பது தமிழுக்குப் பொருத்தமான வழியாக இருக்கும்.

2023-ல் வெளியான இதன் துணைக் கதைகளின் பெயர்கள் 'தி ஸ்பைடர் ஆஃப் லங்கா', 'தி லெமூரியன் வேம்பயர்'. இவை கற்பனை நாடுகளே. எனினும் 1864-ல் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர் முன்வைத்து, பின்னர் தமிழகத்தில் குமரிக்கண்டத்துடன் இணைத்துப் பேசப்பட்ட லெமூரியாவின் பெயர் லாட்விய கேமில் ஒலிப்பது சுவையான செய்தி.

ஒருமுறை மட்டுமே:

விடை தெரிந்தபின் இக்கேம்களை மீண்டும் விளையாடுவதில் பெரிய பயனில்லை. போர்ட்டோபியாவின் கொலையாளி பெயர் ஜப்பானில் எல்லோரும் அறிந்த நகைச்சுவைத் துணுக்காகவே மாறிவிட்டது. 1997-ல் வெளியான 'பிளேடு ரன்னர்' கேம், சில கதாபாத்திரங்கள் மனிதரா செயற்கை மனிதரா என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றி அமைத்து இதைச் சமாளிக்க முயன்றது. ஆனால், விடை மாறிக்கொண்டே இருந்தால் சான்றுகளை நுணுக்கமாகப் பின்னுவது கடினம் என்பதால், அவ்வழியை அதிகம் பேர் பின்பற்றவில்லை.

போர்ட்டோபியா 2023 ஏப்ரலில் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுச் சோதனை முன்னோட்டமாக, ஸ்டீம் தளத்தில் இலவசமாக மீண்டும் வந்தது. இயல்பான பேச்சு நடையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யலாம் என்பதே அதன் சிறப்பு. கேட்பது கேமுக்குப் புரியவில்லை என்ற பழைய புகாரே மீண்டும் எழ, பயனர்களின் மதிப்பீடு கடும் எதிர்மறையாக அமைந்தது.

கோல்டன் ஐடலின் அடுத்த பாகமான 'தி ரைஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' 2024 நவம்பரில் வெளியானது. கதை 1970-களுக்கு நகர்ந்துள்ளது. கோடிட்ட இடங்கள் அப்படியே உள்ளன. முதன்முறை விளையாடுவோர் 2022-ஆம் ஆண்டுப் பாகத்தில் தொடங்குவதும், இணையத்தில் விடை தேடாதிருப்பதும் நல்லது.