விளக்கு அணையாவிட்டால் இறங்கலாமா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரைச் சுற்றி மல்லாட்டைக் கொல்லைகளும் நெல்வயல்களும் விரிந்து கிடக்கின்றன. நடுநடுவே திறந்த கிணறுகள். கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நெடுநாள் புழங்காத கிணற்றைத் தூர்வார ஆள் இறங்குவதற்கு முன், எரியும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டால் இறங்கலாம்.

முதல் பாதி சரி. ஆளைக் கொல்வது இரண்டாம் பாதி.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போது சுடர் அணைந்துவிடும். அந்த அளவில் மனிதன் உடனே விழுந்துவிட மாட்டான். மூச்சு வாங்கும், நிதானம் தவறும். ஆக, ஆக்சிஜன் குறைவை விளக்கு ஓரளவு ஒழுங்காகவே சொல்லிவிடும். ஆனால் அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தண்ணீர் கீழே போய்விட்டதென்று ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் புகையோடு கார்பன் மோனாக்சைடு தேங்கும். நூறு பங்கு காற்றில் ஒன்றேகால் பங்கு அது கலந்திருந்தாலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். விளக்கோ நன்றாக எரிந்துகொண்டிருக்கும். தேங்கியிருப்பது மீத்தேன் என்றால் கதையே வேறு. அங்கே விளக்குதான் தீக்குச்சி.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இப்படி வெடித்து வெடித்துப் பலர் செத்த பிறகுதான், 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையை வைத்தார். வலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே பிடித்த தீ வெளியே பரவாது. கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கக் கேனரிக் குருவிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். மனிதனுக்கு முன்பே குருவி மயங்கி விழும். அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுக்க பிரிட்டன் முடிவெடுத்த ஆண்டு 1986. நம்புவதற்குச் சற்றுக் கடினம்தான்.

இன்று அந்த வேலையைச் செய்வது சட்டைப்பையில் அடங்கும் ஒரு பெட்டி. நான்கு வாயு டிடெக்டர் என்பார்கள். ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு என நான்கு எண்கள் திரையில் நிற்கும். நல்ல காற்றில் அவை 20.9, 0, 0, 0.

பெட்டிக்குள்ளும் ஒரு குட்டி விளக்கு இருக்கிறது. தீப்பற்றும் வாயுவை அறியும் பகுதியில், பிளாட்டினக் கம்பியால் சூடேற்றப்பட்ட இரண்டு மணிகள். ஒன்றின் மேல் வினையூக்கி பூசியிருக்கும். வாயு வந்தால் அந்த மணியில் மட்டும் எரியும், சூடு ஏறும், கம்பியின் மின்தடை மாறும். இரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசம்தான் திரையில் எண்ணாகிறது. வாயு நுழையும் வாசலில் துளைகள் நிறைந்த உலோக வில்லை ஒன்று உண்டு. உள்ளே எரியும் தீயை அது வெளியே விடாது. டேவியின் வலைதான், வடிவம் வேறு. மற்ற மூன்று வாயுக்களுக்கும் இருப்பவை சின்ன மின்கலங்கள். வாயு உள்ளே போய் வினைபுரிந்தால் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும்; அதை அளந்து எண்ணாக்குகிறார்கள்.

இந்தப் பெட்டியை எங்கே நின்று ஆன் செய்வது என்பதே முதல் பாடம். பல கருவிகள் தொடங்கும்போது சுற்றியுள்ள காற்றைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு பூஜ்ஜியத்தைக் குறித்துக்கொள்ளும். திறந்த செப்டிக் டேங்க் ஓரத்திலோ, ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலோ நின்று பொத்தானை அழுத்தினால் கெட்ட காற்றே அதற்கு நல்ல காற்றாகிவிடும். தள்ளிப் போய் வெட்டவெளியில் ஆன் செய்துவிட்டுத்தான் தொட்டிக்கு வர வேண்டும்.

வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன். 20.9 என்பது 19.9 ஆனால் ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அது ஒரு சதவீதம் குறைய வேண்டுமென்றால் வேறு ஏதோ ஒரு வாயு கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் உள்ளே புகுந்திருக்கலாம். ஐந்து சதவீதம் என்பது பத்து லட்சத்தில் ஐம்பதாயிரம் பங்கு. ஹைட்ரஜன் சல்பைடு ஆயிரம் பங்கு இருந்தாலே ஆள் அங்கேயே சரிந்துவிடுவான். கார்பன் டை ஆக்சைடை இந்த நான்கு எண்களும் நேரடியாகக் காட்டுவதில்லை. ஆக்சிஜன் எண்ணின் சரிவுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்றும் உண்டு. ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் அந்தக் குட்டி விளக்கும் எரியாது. தீப்பற்றும் வாயு நிறைந்திருந்தும் திரையில் குறைவான எண்ணே வரக்கூடும்.

இப்படி நேரும் சாவுகளை 'விஷவாயு தாக்கி' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. தாக்குதல் என்றால் எதிரே ஏதோ வந்து நிற்பதுபோல் ஒரு தோற்றம். உண்மையில் முன்னறிவிப்பே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மூக்கு அதை மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மோப்ப நரம்பு மரத்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று ஆள் நினைக்கும் நேரம் அதுதான். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு செப்டிக் டேங்க்கில் ஆறு பேர் இறந்தார்கள். விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கியவர்களும் அதில் அடக்கம். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் யாரும் எந்தக் குழியிலும் இறங்கவில்லை. சாக்கடை வாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

அதனால் ஆளுக்கு முன், பெட்டியில் மாட்டிய காற்றிழுக்கும் குழாய் இறங்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனம், அடியில் தங்கும். கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ காற்றின் எடைதான், எங்கும் இருக்கும். வாய், நடு, அடி என்று நான்கடிக்கு ஒரு முறை நிறுத்தி, குழாயில் காற்று மேலே வரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக் காத்திருந்து எண்ணைப் படிக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இந்தப் பெட்டி எப்போதும் நல்ல செய்திதான் சொல்லும்.

இனி அலறல். எல்லா அலறலும் ஒன்றல்ல. பரவலாக வைக்கப்படும் அளவுகள் இவை: ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலும் 23.5க்கு மேலே ஏறினாலும் கத்தும். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்கு. கார்பன் மோனாக்சைடு 35 பங்கு. தீப்பற்றும் வாயு 10. இந்தக் கடைசிப் பத்தில் பலர் தடுமாறுகிறார்கள். அது காற்றில் பத்து சதவீதம் வாயு என்பதல்ல. மீத்தேன் தீப்பிடிக்கக் காற்றில் 5 சதவீதமாவது வேண்டும். அந்த ஐந்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை சதவீதம் வந்தவுடனேயே பெட்டி கத்திவிடுகிறது. திரையில் நூறு வந்தால் ஒரு பொறி போதும். இரண்டாம் கட்ட அலறல் இன்னும் வேகமாக அடிக்கும். இவை தவிர, கடந்த 15 நிமிடத்தின் சராசரிக்கு ஒன்று, எட்டு மணி நேரக் கணக்குக்கு ஒன்று என்று இரண்டு அலறல்கள் உண்டு. திரையில் எண் சிறிதாகத்தான் இருக்கும், பெட்டி கத்தும். கெட்டுவிட்டது என்று அணைத்துவிடத் தோன்றும். கெடவில்லை; உடம்பு இதுவரை வாங்கிய மொத்தத்தை அது சொல்கிறது. எந்த அலறலானாலும் வெளியே வந்த பிறகுதான் திரையைப் பார்க்க வேண்டும்.

அலறாத பெட்டியை எவ்வளவு நம்பலாம்? சிலிகோன் கலந்த பாலிஷோ ஸ்பிரேயோ பட்டால் அந்த மணியின் வினையூக்கி செத்துவிடும். திரை மட்டும் அழகாகப் பூஜ்ஜியம் காட்டிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையிலும் ஏமாற்றும்: பேட்டரி சார்ஜ் ஏறும் அறையில் வரும் ஹைட்ரஜனைக் கார்பன் மோனாக்சைடு என்று எண்ணிக் கத்தலாம். ஆகவே வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும், அளவு தெரிந்த வாயுவைச் சின்ன சிலிண்டரிலிருந்து அதன் முகத்தில் விட்டுப் பார்க்கிறார்கள். கத்த வேண்டும். கத்தாவிட்டால் அன்று அதை எடுத்துப் போகக் கூடாது.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், சாக்கடை வேலைக்குத் தர வேண்டிய கருவிகளைப் பட்டியலிடுகின்றன. நான்கு வாயு டிடெக்டர் அதில் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுத்துப்போகும் லெட் அசிடேட் தாளும் இருக்கிறது. அரிக்கேன் விளக்கு இல்லை.