கம்பியிலும் வந்தாச்சு கலப்படம்!
செம்பு என்று சொல்லி அலுமினியம் விற்பனை: கடைக்காரர்களே, உஷார்!

பிள்ளைச்சாவடி:

பாலில் தண்ணீர் கலந்தார்கள். மிளகில் பப்பாளி விதை கலந்தார்கள். இப்போது கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் இழுக்கும் கம்பியிலும் கலப்படம் வந்துவிட்டது!

புதுவையில் இருந்து சென்னை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது பிள்ளைச்சாவடி. ஒரு பக்கம் மீனவர் குடியிருப்பு. இன்னொரு பக்கம், 1984-ம் ஆண்டு தொடங்கிய புதுச்சேரி என்ஜினீயரிங் கல்லூரி. அந்தக் கல்லூரிதான் இன்று புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மாணவர்கள் இருக்கும் ஊரில் இன்டர்நெட் இல்லாமல் முடியுமா? மளிகைக் கடையில்கூட பில் போடும் மிஷின், கல்லாப் பெட்டிக்கு மேலே ஒரு கேமரா!

இன்டர்நெட் வாசல் வரை கண்ணாடி இழையில் வருகிறது. வாசலைத் தாண்டி மேஜைக்கும் கேமராவுக்கும் போவது பெரும்பாலும் செம்புக் கம்பிதான். அங்கேதான் கைவரிசை நடக்கிறது.

மோசடி எப்படி?

நெட்வொர்க் கேபிள் ஒன்றுக்குள் 8 கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தடிமன். முறைப்படி எட்டும் முழுச் செம்பாக இருக்க வேண்டும். கேட்-5இ, கேட்-6 என்று முத்திரை குத்தும் தர விதிகள் அதைத்தான் கேட்கின்றன.

ஆனால் அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசிய சரக்கும் மார்க்கெட்டில் உண்டு. அதற்கு 'சி.சி.ஏ.' என்று பெயர். அதையே கேட்-6 பெட்டியில் போட்டு, "எல்லாம் ஒண்ணுதாங்க, விலைதான் கம்மி" என்று தலையில் கட்டிவிடுவார்கள். வெளியே பார்த்தால் தகதகவென்று செம்பு. உள்ளே அலுமினியம்!

ராத்திரியில் தூங்கும் கேமரா

"வேலை செஞ்சா சரி, எதுவா இருந்தா என்ன?" என்று கேட்கலாம். அதில்தான் ஆபத்து.

இன்றைக்குப் பல கேமராக்களுக்குத் தனி கரண்ட் வயர் கிடையாது. படம் வரும் அதே கேபிளில்தான் மின்சாரமும் போகிறது. 2003-ம் ஆண்டு விதிப்படி 15.4 வாட் அனுப்பினார்கள். 2009-ல் அது 30 வாட் ஆனது. 2018-ல் வந்த விதிப்படி 90 வாட் வரை அனுப்பலாம்.

செம்பு முலாம் பூசிய அலுமினியத்தில் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். வழியிலேயே கரண்ட் வீணாகி, கேபிள் சூடாகும். கட்டுக்கட்டாகக் கேபிள் போகும் ஆபீசில் அந்தச் சூடு வெளியேற வழி இருக்காது.

கேமரா பகலில் நன்றாக ஓடும். இருட்டியதும் அதற்குள் இருக்கும் இரவு விளக்கு எரிய வேண்டும். அதற்குக் கூடுதல் கரண்ட் தேவை. நீளமான கேபிளில் அது போய்ச் சேராது. கேமரா அணைந்து அணைந்து எரியும். திருடன் வருவது ராத்திரியில்தானே!

கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லை. உப்புக் காற்றின் ஈரம் பட்டால், செம்பும் அலுமினியமும் சேரும் இடம் அரித்துப்போகும். முனையில் மாட்டிய பிளக்கில் முதலில் கோளாறு வரும். இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்துபோவதும் உண்டு.

கண்டுபிடிப்பது எப்படி?

பழைய இரும்புக் கடைக்காரர் என்ன செய்வார்? கத்தியால் சுரண்டிப் பார்ப்பார். நீங்களும் அதையே செய்யுங்கள். பெட்டி வாங்குமுன் ஒரு சாண் துண்டு கேளுங்கள். பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு அல்ல.

எடையிலும் தெரிந்துவிடும். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினால் கைக்கே வித்தியாசம் தெரியும்.

வயர்மேனிடம் மீட்டர் இருந்தால் ஒரு கம்பியை 100 மீட்டருக்கு அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். விளக்கு எரியும் சின்ன டெஸ்டரை மட்டும் நம்பக்கூடாது. அது கம்பி அறுந்திருக்கிறதா என்று சொல்லுமே தவிர, செம்பா அலுமினியமா என்று சொல்லாது.

திட்டம் போட்டு இழுங்க!

நல்ல கம்பி வாங்கினாலும் இழுப்பதில் கோட்டை விடுபவர்கள் உண்டு. முதலில் ஒரு பேப்பரில் படம் போடுங்கள். எங்கே மேஜை, எங்கே கேமரா, எங்கே நடுப் பெட்டி என்று குறியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நடுப் பெட்டியில் இருந்து தனித்தனி கேபிள் போக வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டு போடக்கூடாது.

சுவருக்குள் 90 மீட்டர், இரண்டு முனையிலும் மாட்டும் சிறு கேபிள் சேர்த்து 10 மீட்டர், ஆக மொத்தம் 100 மீட்டர்தான் எல்லை.

கரண்ட் வயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள். இரண்டும் குறுக்கிட்டால் சிலுவை போல நேர்க் குறுக்காகப் போகட்டும்.

கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பது அழகுக்கு அல்ல. வெளி இரைச்சலைத் தடுக்கத்தான். டெலிபோன் கண்ட கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆகவே முனையில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக்கூடாது.

மொட்டை மாடி, வெளிச்சுவர் என்றால் வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை கேபிள்தான் போட வேண்டும். ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொன்றுக்கு இழுப்பதானால் கண்ணாடி இழையே நல்லது. இடி மின்னல் நேரத்தில் செம்பு வழியாக மின்சாரம் பாய்ந்து, இரண்டு பக்கமும் பொருள்கள் போய்விடும்.

பில் கேட்டு வாங்குங்க

பில்லில் "முழுச் செம்பு" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கடையை மாற்றுங்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்காகக் கடை வைத்திருப்பவரையும் 2019-ம் ஆண்டுச் சட்டம் நுகர்வோர் என்றுதான் சொல்கிறது.

சுவருக்குள் போன கம்பியை அப்புறம் யாரும் பார்க்கப் போவதில்லை. சுரண்டிப் பார்க்க வேண்டியது சிமெண்ட் பூசுவதற்கு முன்னால்!